வருஷக்கணக்கில் பாக்ஸிங் பார்த்தால் பாக்ஸிங் தெரிந்துவிடுமா?

இடதுகைக்காரன்:

மேவெதர்–பக்கியாவ் சண்டையைப் பற்றிய இழையில் ஒருவர் "நான் டைசன் காலத்திலிருந்து பாக்ஸிங் பார்ப்பவன், எனக்குப் பாடம் எடுக்காதே" என்று ஒரே வரியில் வாதத்தை முடித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சண்டையில் யார் ஜெயித்தார் என்று மறுபடி கிளறப்போவதில்லை. 2015-இல் மூன்று ஜட்ஜுகளும் 118-110, 116-112, 116-112 என்று மேவெதருக்குக் கொடுத்தாகிவிட்டது. என்னை உறுத்துவது அந்த ஒரு வரிதான்.

என் கட்சி இது: பார்த்த வருஷத்துக்கும் தெரிந்த விஷயத்துக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு. பெயர்கள் தெரியும், தேதிகள் தெரியும், யார் யாரை எந்த ரவுண்டில் படுக்கவைத்தார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஆனால் ஒரு ரவுண்டு முடிந்ததும், கமெண்டரி கேட்காமல், திரையில் வரும் ஸ்கோரைப் பார்க்காமல், இது யாருடைய ரவுண்டு, ஏன் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் "அவன்தானே முன்னாடி வந்துகிட்டே இருந்தான்" என்பார்கள். முன்னாடி வந்ததற்கு மட்டும் பாயிண்ட் கிடையாது. சுத்தமாக விழுந்த குத்து, பலன் தருகிற ஆக்ரோஷம், ரிங்கைத் தன் பிடியில் வைத்திருப்பது, தடுப்பு, இந்த நாலையும் பார்த்துத்தான் 10-9 (ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9) போடவேண்டும். முன்னால் நடந்து வந்து வழியெல்லாம் ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) வாங்கிக்கொள்பவர் இந்த நாலில் எதில் ஜெயித்தார்?

பழைய கேசட்:

அந்த வரியை எழுதியது நான்தான். ஓடிப்போகவில்லை, சாப்பிடப் போயிருந்தேன்.

தம்பி, ஸ்கோர் போடத் தெரிவது மட்டும்தான் பாக்ஸிங் அறிவா? 1973-இல் கிங்ஸ்டனில் ஃபோர்மேன், ஜோ ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை கீழே தள்ளி முடித்தார். அடுத்த வருஷம் கராகஸில் கென் நார்ட்டனையும் இரண்டே ரவுண்டில் முடித்தார். இந்த ஃப்ரேசியரும் நார்ட்டனும் முகமது அலியைத் தோற்கடித்தவர்கள். கணக்குப்படி பார்த்தால் 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் ஃபோர்மேனோடு மோதிய அலி உயிரோடு திரும்பியிருக்கக் கூடாது. எட்டாவது ரவுண்டில் கீழே கிடந்தவர் ஃபோர்மேன். ஒருவரைத் தோற்கடித்தவரை இன்னொருவர் தோற்கடித்தால் சங்கிலி போட்டுக் கணக்குச் சொல்ல முடியாது, பாணிக்குப் பாணி பொருந்துவது வேறு என்பதை ஒரு சண்டையை மட்டும் பார்ப்பவன் எப்படித் தெரிந்துகொள்வான்? நிறையப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். இன்றைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் ஒருவனின் ரெக்கார்டில் தோல்வி ஒன்று இருந்தாலே "டப்பா" என்று எழுதிவிடுகிறார்கள். அவர்களுக்கு இல்லாதது வருஷம்தான்.

1980-இல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினாரே, அந்தக் கூட்டத்தில் என் பெரியப்பா இருந்தார். எங்கள் வீட்டில் பாக்ஸிங் பேச்சு அப்போது ஆரம்பித்தது. இதையெல்லாம் ஒன்றுமில்லை என்று ஒதுக்காதே.

காசிமேடு_கார்னர்:

இரண்டு பேருமே தப்பு. தினம் பஸ்ஸில் போய்வருபவனுக்கு வழியெல்லாம் தெரியும், ஸ்டியரிங்கைக் கொடுத்தால் தெரியுமா? கிளவுஸ் மாட்டாதவனுக்கு எத்தனை வருஷம் ஆனாலும் பாதிதான் தெரியும்.

உதாரணத்துக்கு லிவர் குத்து. வலது விலா எலும்புக்குக் கீழே இடது கை ஹூக் (கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) ஒன்று விழும். டிவியில் பார்த்தால் சப்பென்று இருக்கும், சத்தம் இருக்காது, தலை ஆடாது, வியர்வை தெறிக்காது. வாங்கியவன் ஒரு விநாடி நின்றுகூடக் கொண்டிருப்பான், இன்னொரு குத்துகூட விடுவான். அப்புறம்தான் முகம் மாறும், கால் தானாக மடியும். மூளை "எழுந்திரு" என்று சொல்லும், உடம்பு கேட்காது, மூச்சு உள்ளே போகாது. 2004-இல் ஹாப்கின்ஸ், டி லா ஹோயாவை ஒன்பதாவது ரவுண்டில் முடித்தது இந்தக் குத்தில்தான். டி லா ஹோயா தரையைக் கையால் அடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தார். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவன் எல்லாம் "நடிக்கிறான், பணம் வாங்கிட்டான்" என்றான். ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், ஒரே ஒரு தடவை அந்த இடத்தில் வாங்கியிருந்தால் அந்த வார்த்தை வாயில் வராது.

எங்கள் வாத்தியார் புதுப் பசங்களை முதலில் கையைத் தூக்கவே விடமாட்டார். காலை மட்டும் நகர்த்து என்பார், வாரக்கணக்கில் அதுதான். ரசிகன் எவனாவது காலைப் பார்க்கிறானா?

நள்ளிரவு ரசிகை:

காசிமேடு அண்ணா, லிவர் குத்து விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "கிளவுஸ் மாட்டாதவனுக்குத் தெரியாது" என்ற விதியை வைத்தால் ஆஞ்சலோ டண்டியை எங்கே உட்காரவைப்பீர்கள்? அலிக்கும் ஷுகர் ரே லியோனார்டுக்கும் கோச்சாக ரிங் மூலையில் நின்றவர். தொழில்முறை பாக்ஸராக அவர் இருந்ததே இல்லை. நியூயார்க்கில் ஸ்டில்மேன்ஸ் ஜிம்மில் வாளி தூக்கிக்கொண்டு, பெரிய கோச்சுகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். ஹெச்பிஓ டிவியில் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்த ஹெரால்டு லெடர்மன் மருந்துக்கடைக்காரர், பார்மசிஸ்ட். 1967-இலிருந்து 30 வருஷத்துக்கு மேல் ஜட்ஜாக இருந்தார்.

இன்னொரு பக்கம், உள்ளே நின்று சண்டை போட்டவருக்கே தெரியாமல் போன கதையும் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ், மேரி கோம்–இங்க்ரிட் வலென்சியா. ஆறு முறை உலக சாம்பியன் அவர். சண்டை முடிந்ததும் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்திருந்தார், தோற்றது பிறகுதான் தெரிந்தது என்று அவரே சொன்னார். முதல் ரவுண்டில் ஐந்து ஜட்ஜுகளில் நாலு பேர் வலென்சியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த இரண்டு ரவுண்டும் மேரி கோமுக்கு 3-2, ஆனாலும் மொத்தக் கணக்கில் தோல்வி. குத்தை வாங்கிக்கொண்டே, கொடுத்துக்கொண்டே வெளியிலிருந்து அது எப்படித் தெரிகிறது என்று கணக்குப் போடுவது எப்பேர்ப்பட்ட பாக்ஸருக்கும் சுலபமில்லை. வலி எப்படி என்று தெரிவது ஓர் அறிவு, ரவுண்டைப் படிப்பது வேறு அறிவு.

காசிமேடு_கார்னர்:

டண்டி வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்க்கவில்லையே தங்கச்சி. ஜிம்மில் நின்று பார்த்தார். வியர்வை நாற்றத்திலேயே குடியிருந்தவர். அதையும் பழைய கேசட் ஐயா பார்த்ததையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பழைய கேசட்:

என் சோபாவை எதற்கு இழுக்கிறாய்?

இடதுகைக்காரன்:

நாங்கள் சண்டையை வெளியே தேடவே வேண்டாம் போலிருக்கிறது.

டண்டி உதாரணத்தில் காசிமேடு சொன்னதில் விஷயம் இருக்கிறது. அவர் பார்த்தார் என்பது பெரிதில்லை, எதைத் தேடிப் பார்த்தார் என்பதுதான் கேள்வி. பார்த்தே கண்டுபிடித்ததற்கு ஜெர்மன் பாக்ஸர் ஷ்மெலிங்கை விடப் பெரிய சாட்சி இல்லை. 1935 டிசம்பரில் ஜோ லூயிஸ், பவுலினோ உஸ்குதுனை அடித்து வீழ்த்தியபோது மாக்ஸ் ஷ்மெலிங் அரங்கில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் லூயிஸின் வலது கையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். இவர் இடது கையைப் பார்த்தார். ஜாப் போட்டுவிட்டுக் கையைத் திரும்ப எடுக்கும்போது லூயிஸ் அதைக் கொஞ்சம் தாழ்த்திவிடுகிறார், முகத்தின் அந்தப் பக்கம் ஒரு கணம் திறந்து கிடக்கிறது. அப்புறம் லூயிஸின் படச்சுருள்களைப் போட்டுப் பார்த்து உறுதிசெய்துகொண்டார். 1936 ஜூன் 19, யாங்கி ஸ்டேடியம். அந்த இடைவெளியில் வலது கையை விட்டுக்கொண்டே இருந்தார், பன்னிரண்டாவது ரவுண்டில் லூயிஸ் விழுந்தார். அதுவரை தோற்காத ஆள்.

அதே குத்துகளை ஆயிரக்கணக்கான பேர் அதே அரங்கில் பார்த்தார்கள். அவர்கள் கண்ணிலும் அது பட்டிருக்கும், ஆனால் தேடவில்லை. ஷ்மெலிங் பாக்ஸர் என்பதால் தெரிந்தது என்று காசிமேடு சொல்வார், ஓரளவு உண்மை. ஆனால் அன்றைக்கு அமெரிக்காவில் இருந்த மற்ற பாக்ஸர்களுக்குக் கண் இல்லையா?

நாக்அவுட்_ராஜா:

நாக்அவுட் ஆனால் எதற்கு ஜட்ஜ், எதற்கு அறிவு. பக்கியாவ் 2012-இல் மார்க்கெஸ்கிட்ட லக்கி பஞ்ச் வாங்கி விழுந்தார், முடிந்தது கதை. எந்த ஞானியும் அதை முன்கூட்டியே சொல்லவில்லை.

காசிமேடு_கார்னர்:

லக்கி பஞ்சா? தம்பி, உட்கார், இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதவேண்டும்.

அது அவர்கள் இரண்டு பேருக்கும் நாலாவது சண்டை. மூன்று சண்டையாக மார்க்கெஸ் அந்த ஆளின் தாளத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பக்கியாவ் இடதுகைக்காரர், அதனால் வலது கால் முன்னே, வலது கைதான் ஜாப். அந்த ஜாப்போடு உடம்பையே தூக்கிக்கொண்டு உள்ளே பாய்வது அவர் வழக்கம். பாயும் நேரத்தில் எடை முழுவதும் முன்காலுக்குப் போய்விடும், பின்னால் இழுக்க முடியாது, தலை நேர்கோட்டில் வரும். மூன்றாவது ரவுண்டில் மார்க்கெஸின் வலது கை சுற்றிவந்து அவரைக் கீழே தள்ளியது, முதல் எச்சரிக்கை அது. ஐந்தாவதில் பக்கியாவ் பதிலுக்குத் தள்ளினார். ஆறாவது ரவுண்டு முடிய ஒரு விநாடி இருக்கும்போது பக்கியாவ் மறுபடியும் அதே மாதிரி உள்ளே வந்தார். மார்க்கெஸ் பின்னால் போகவில்லை. நின்ற இடத்திலேயே, லேசாகப் பக்கவாட்டில் சாய்ந்து, வலது கையைக் குறுக்கிப் போட்டார். பெரிய வீச்சு இல்லை, ஒரு சாண் தூரம்கூட இருக்காது. குத்தின் பலம் பாதி மார்க்கெஸுடையது, மீதி பாய்ந்து வந்த பக்கியாவுடையது.

அதுவரை மூன்று ஜட்ஜுகளின் ஸ்கோர் கார்டிலும் 47-46 என்று பக்கியாவ்தான் முன்னிலை. இதை லக் என்பவன் மூன்றாவது ரவுண்டைப் பார்க்காதவன். பார்த்திருந்தாலும், கீழே விழுந்ததைப் பார்த்திருப்பான், ஏன் விழுந்தார் என்று பார்த்திருக்கமாட்டான்.

நாக்அவுட்_ராஜா:

சரி சரி. வீடியோவை ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன்.

நள்ளிரவு ரசிகை:

காலைப் பாருங்கள் ராஜா, முதல் தடவை கையைப் பார்க்கவே வேண்டாம். பக்கியாவின் வலது கால் எங்கே வந்து நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

பழைய கேசட் ஐயா ஒரு விஷயத்தைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டார், நிறையப் பார்த்தவர்களுக்கு வருகிற வியாதி ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து மார்க் போடுவது. 1990 பிப்ரவரி, டோக்கியோ, டைசன்–பஸ்டர் டக்ளஸ். பந்தயத்தில் 42-க்கு 1 என்று டக்ளஸை யாரும் சீந்தவில்லை. சண்டையை இன்று பார்த்தால் டக்ளஸின் ஜாப் டைசனின் கண்ணை மூடவைப்பது தெளிவாகத் தெரிகிறது. எட்டாவதில் டக்ளஸ் ஒருமுறை விழுந்தார், மற்றபடி பெரும்பாலான ரவுண்டுகள் அவருடையவை. பத்தாவதில் டைசன் விழும்போது கார்டுகள் எப்படி இருந்தன தெரியுமா? ஒரு ஜட்ஜ் 88-82 டக்ளஸ். இன்னொருவர் 86-86. மூன்றாமவர் 87-86 டைசன்! மூன்று பேரும் பயிற்சி பெற்ற ஜட்ஜுகள், ரிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். டைசன் தோற்பார் என்று மனம் ஒத்துக்கொள்ளாவிட்டால் கண்ணும் ஒத்துக்கொள்ளாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு டைசன் யாரென்றே தெரியாத ஒரு பாட்டியை உட்காரவைத்திருந்தால் இன்னும் சரியாகப் போட்டிருப்பார்.

பழைய கேசட்:

பாட்டி வேண்டாம்மா, பாட்டி டைசனுக்கு அடிபடுவதைப் பார்த்து அழுதிருப்பார்.

ஆனால் நீ சொன்னதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 1988 சியோலில் ராய் ஜோன்ஸுக்கு நடந்ததைப் பாக்ஸிங்கே தெரியாதவன்கூடச் சொல்லியிருப்பான். ஜோன்ஸ் 86 குத்து, கொரியர் 32 குத்து என்று டிவிக்காரர்கள் எண்ணினார்கள். தங்கம் 3-2 என்று கொரியருக்குப் போனது. அந்த ஒலிம்பிக்ஸின் சிறந்த பாக்ஸர் கோப்பையை ஜோன்ஸுக்கே கொடுத்ததுதான் கூத்து. அது அறிவு இல்லாததால் நடந்ததா? பார்வையாளனுக்குத் தெரிந்தது, ஜட்ஜுக்குத் "தெரியவில்லை".

இடதுகைக்காரன்:

சியோலை நேர்மைக் கணக்கில் வைக்கவேண்டும் ஐயா, அறிவுக் கணக்கில் சேராது. அதோடு அதற்குப் பரிகாரமாகக் கொண்டுவந்தது இன்னும் மோசம். பார்சிலோனாவிலிருந்து பட்டன் அமுக்கும் முறை வந்தது, ஐந்து ஜட்ஜில் மூன்று பேர் ஒரு விநாடிக்குள் அமுக்கினால்தான் பாயிண்ட். விளைவு, வயிற்றில் போடுகிற குத்தெல்லாம் வீண், நாலு குத்தைச் சேர்த்துப் போட்டால் ஒன்றுதான் பதிவாகும், பசங்க தொட்டுவிட்டு ஓடக் கற்றுக்கொண்டார்கள். லண்டனுக்கு அப்புறம்தான் அதைத் தூக்கினார்கள். குத்தை எண்ணுவதும் ரவுண்டைப் படிப்பதும் ஒன்றில்லை என்பதற்கு இவ்வளவு செலவில் யாரும் நிரூபணம் காட்டியிருக்கமாட்டார்கள்.

மதுரை_மணி:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். டிவியில் பார்ப்பவருக்குத்தானே இன்னும் நன்றாகத் தெரியும்? 1999 லெனாக்ஸ் லூயிஸ்–ஹோலிஃபீல்டு முதல் சண்டையில் ஐந்தாவது ரவுண்டை ஒரு ஜட்ஜ் ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்தார், லூயிஸ் போட்டு வெளுத்த ரவுண்டு அது. கேட்டதற்குப் போட்டோகிராபர்கள் மறைத்துவிட்டார்கள் என்றார். நமக்கு எத்தனை கேமரா!

காசிமேடு_கார்னர்:

கேமராவும் மறைக்கும் மணி. ஒரு பக்கத்திலிருந்து எடுக்கும்போது தூரம் தெரியாது. கிளவுஸில் பட்டதும் கன்னத்தில் பட்டதும் ஒரே மாதிரி இருக்கும். மேவெதர் தோளைத் தூக்கி, முகவாயை உள்ளே வைத்து, உடம்பைத் திருப்பிக் குத்தை வழுக்கிவிடுவாரே, எதிர்ப்பக்கக் கேமராவில் அது பட்ட மாதிரியே இருக்கும். கூட்டம் "ஓ" என்று கத்தும், கமெண்டரிக்காரரும் கத்துவார், வீட்டில் நாமும் கத்துவோம். ஸ்லோமோஷனில் பார்த்தால் தோளில் உரசிக்கொண்டு போயிருக்கும்.

இடதுகைக்காரன்:

இதற்குத்தான் நான் சத்தத்தை மூடிவிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். 1987 ஏப்ரல் 6, ஹேக்லர்–லியோனார்டு, இதைவிட நல்ல பரீட்சை இல்லை. பன்னிரண்டு ரவுண்டு, பேப்பரும் பேனாவும், ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் எழுதிவிடவேண்டும், திரும்பத் திருத்தக்கூடாது. லியோனார்டு ஒவ்வொரு ரவுண்டின் கடைசி அரை நிமிஷத்தில் கைகளை மழையாகப் பொழிவார், மூலையிலிருந்து நேரம் சொல்லிக் கத்துவதற்கே ஆள் வைத்திருந்தார்கள். சத்தத்தோடு பார்த்தால் அந்த அரை நிமிஷம்தான் மனதில் நிற்கும், அதற்கு முன்னால் போன இரண்டரை நிமிஷம் மறந்துவிடும். ஜட்ஜுகளே 115-113 ஹேக்லர், 115-113 லியோனார்டு, 118-110 லியோனார்டு என்று மூன்று திசையில் போனார்கள். அந்த 118-110 ஐ இன்றுவரை யாராலும் விளக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லோரும் கார்டு போடுங்கள்.

நள்ளிரவு ரசிகை:

என் கார்டு: 115-113 லியோனார்டு. முதல் நாலும் அவருக்கு, ஹேக்லர் தன் இயல்பான இடதுகைப் பாணியை விட்டுவிட்டு வலதுகைக்காரராக நின்று ஆரம்ப ரவுண்டுகளை வீணாக்கியதை மன்னிக்கவே முடியவில்லை. ஐந்தாவது ஹேக்லர், அந்த அப்பர்கட்டில் (கீழிருந்து மேலே வரும் குத்து) லியோனார்டின் முழங்கால் ஆடியது. ஒன்பதாவதில்தான் மாட்டிக்கொண்டேன். மூலையில் சிக்கிய லியோனார்டு திருப்பி அடித்து வெளியே வருவது பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் சத்தமில்லாமல் பார்த்தால் ரவுண்டின் பெரும்பகுதி ஹேக்லர்தான் அவரை நகர்த்திக்கொண்டிருக்கிறார். ஹேக்லருக்குக் கொடுத்தேன்.

காசிமேடு_கார்னர்:

115-113 ஹேக்லர். லியோனார்டின் அந்த மழையில் பாதி கிளவுஸிலும் முழங்கையிலும்தான் விழுந்தது. ஒன்பதாவது சந்தேகமே இல்லை.

பழைய கேசட்:

114-114. சிரிக்காதீர்கள். இந்தச் சண்டையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், லியோனார்டு சுலபமாக ஜெயித்தார் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிவந்தேன். கமெண்டரி இல்லாமல் பார்த்தால் ஐந்தாவது ரவுண்டுக்கு மேல் வேறு சண்டையாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், ஹேக்லர் ஏன் அப்படி நின்றார், இருபதடி ரிங்கையும் பன்னிரண்டு ரவுண்டையும் லியோனார்டு ஏன் பேரம் பேசி வாங்கினார், அஞ்சு வருஷத்தில் ஒரே ஒரு சண்டை போட்டவருக்கு அது ஏன் தேவைப்பட்டது, இதெல்லாம் தெரிந்தவனுக்குத்தான் அந்த முதல் நாலு ரவுண்டின் அருமை தெரியும். பேப்பரும் பேனாவும் அதைச் சொல்லித்தராது.

இடதுகைக்காரன்:

அந்தப் பேரம் ஜட்ஜுக்குத் தேவையில்லை ஐயா. ரசிகனுக்குத் தேவை, அதை மறுக்கவில்லை.

மதுரை_மணி:

நான் நாலு ரவுண்டோடு தூங்கிவிட்டேன். சத்தம் இல்லாமல் பாக்ஸிங் பார்ப்பது தண்டனை.

பழைய கேசட்:

அடுத்த வாரம் விட்டேக்கர்–சாவெஸ் போடலாமா? 1993, சான் அன்டோனியோ, சாவெஸ் அதுவரை ஒன்றுகூடத் தோற்காதவர், இரண்டு ஜட்ஜ் 115-115 என்று எழுதி டிரா ஆக்கினார்கள். தடுப்பையும் காலையும் படிக்கத் தெரிகிறதா என்று பார்க்க அதுதான் சரி. ஸ்பானிஷ் கமெண்டரி உள்ள வீடியோவை மட்டும் யாரும் லிங்க் போடாதீர்கள், அதில் சாவெஸ் பன்னிரண்டு ரவுண்டும் ஜெயித்துவிடுவார்.